ஆலய வளாகத்தில் மகரந்தத் தோட்டம்: தொடங்குவோருக்கான விளக்கம்

உங்கள் ஆலயப் பங்கில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருந்தால், 1970களில் செம்பனைப் பூவுக்குத் தூள் ஊதிய கதையை அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆண் பூங்குலையிலிருந்து மகரந்தத்தை உதிர்த்தெடுத்து, டால்க் தூளோடு கலந்து, பெண் பூங்குலை விரிந்திருக்கும் மரங்களைத் தேடிச் சென்று அவற்றின்மேல் ஊதுவது அக்காலத்தில் பல தோட்டங்களில் தனியொரு வேலையாகவே இருந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரம். கோலசிலாங்கூருக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் அது வணிகப் பயிராக நடப்பட்டபோது, மரம் மட்டுமே கடல் தாண்டி வந்திருந்தது. அதன் பூவையே நம்பி வாழும் சிறிய கூன்வண்டு வந்திருக்கவில்லை. 1981-இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து இங்குள்ள தோட்டங்களில் விட்ட பிறகு, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தப் பூச்சி, அதுவரை மனிதக் கைகள் செய்துவந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. தூள் ஊதும் வேலையும் மெல்ல மறைந்தது.

ஒரு செடிக்கும் அதன் பூவைத் தேடி வரும் உயிருக்கும் உள்ள இந்த உறவுதான் இக்கட்டுரையின் பொருள். பூவின் ஆண் பகுதியில் உண்டாகும் மகரந்தம் அதே இனத்துப் பூவின் பெண் பகுதியான சூல்முடியைச் சென்று சேர்வதே மகரந்தச் சேர்க்கை. அது நிகழாவிட்டால் பெரும்பாலான செடிகளில் காயும் இல்லை, விதையும் இல்லை. நெல், சோளம், புல் போன்றவற்றுக்குக் காற்றே போதும். மற்றவற்றுள் பெரும்பகுதிக்குத் தேனீயோ வண்டோ பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வௌவாலோ வந்தாக வேண்டும். இவ்வுயிர்களுக்கு உணவும் உறைவிடமும் ஆண்டு முழுவதும் கிடைக்கும்படி, அந்தந்த மண்ணுக்கே உரிய செடிகளை முதன்மையாக வைத்து அமைப்பதையே மகரந்தத் தோட்டம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். பினாங்கில் எங்கள் பங்கின் மாதா கெபிக்குப் பின்னால் அப்படியொரு மூலையைப் பராமரிக்கும் சிறு குழுவில் நானும் ஒருத்தி. இதே முயற்சியை மேற்கொள்ள விரும்பும் பிற பங்குகளும் சபைகளும் முதலில் எதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

பூவைத் தேடி வருபவை

தேனீ என்றதும் தேன் தருவதையும் கூட்டமாக வாழ்வதையுமே நாம் நினைக்கிறோம். அவற்றுள் ஆலயச் சுவர்களுக்கு மிக அருகில் வாழக்கூடியது, மலாய் மொழியில் கெலுலுட் என்றும் தமிழில் கொசுத்தேனீ என்றும் வழங்கும் சிறிய கருநிறத் தேனீ. அதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. மரப்பொந்திலோ பழைய சுவரின் இடுக்கிலோ குடியிருந்து, பிசினும் மெழுகும் கலந்த ஒரு குழாயை வாசலாக நீட்டி வைத்திருக்கும். சுவரில் அப்படியொரு குழாயைக் கண்டால், அதைச் சுரண்டி எடுக்காமல் விட்டுவிடும்படி ஆலயத்தைத் துப்புரவு செய்பவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது.

தேனீ இனங்களில் மிகப் பெரும்பான்மையானவை கூட்டமாக வாழ்வதே இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென ஒரு கூடு அமைத்து, மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிட்டுச் செல்லும். நாம் கருவண்டு என்று சொல்லும் பெரிய கரிய உயிர் உண்மையில் தச்சுத்தேனீ. அது பட்ட மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிறது. வயிற்றில் வெளிர்நீலக் கோடுகள் கொண்ட நீலப்பட்டைத் தேனீ, இளகிய மண்ணிலும் பழைய கட்டடங்களின் நைந்த சுண்ணாம்புக் காரையிலும் துளையிட்டு வாழ்கிறது. ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் அரைவட்டம் காணப்பட்டால், இலைவெட்டித் தேனீ ஒன்று தன் கூட்டுக்கு விரிப்பு எடுத்துச் சென்றிருக்கிறது என்று பொருள்.

இத்தேனீக்கள் ஏன் வேண்டும் என்பதை விளக்க ஒரு செடி போதும். சாலையோர மேடுகளிலும் மலைச்சரிவுகளிலும் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும் செண்டுடுக் செடியைப் பினாங்கில் பார்க்காதவர் இருக்க முடியாது. அதன் பழத்தைத் தின்று நாக்கைக் கருநீலமாக்கிக்கொண்ட நினைவு நம்மில் பலருக்கும் உண்டு. அதன் பூவில் தேன் கிடையாது. அது தரும் ஒரே கூலி மகரந்தம். அதையும் எளிதில் தருவதில்லை. மற்றப் பூக்களின் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து தூளைக் கொட்டும் என்றால், செண்டுடுக்கின் மகரந்தப்பை நுனியில் ஊசித்துளை அளவு வாயை மட்டுமே திறந்து வைத்திருக்கும். தச்சுத்தேனீயோ நீலப்பட்டைத் தேனீயோ வந்து பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரச் செய்கிறது. அந்த அதிர்வில், உப்புக் குப்பியைக் கவிழ்த்துக் குலுக்கினாற்போல் மகரந்தம் துளை வழியே சிதறுகிறது. அருகில் நின்றால் ‘ஸ்ஸ்’ என்று உயர்ந்து ஓயும் ஓசை காதில் கேட்கும். கூட்டில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

பூவின் ஏற்பாடு இதோடு முடிவதில்லை. செண்டுடுக் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு வகை மகரந்தத்தாள்கள் தெரியும். மஞ்சள் நிறத்தில் கண்ணைக் கவரும் குட்டையானவை தேனீக்கு உணவாகும் மகரந்தத்தைத் தருபவை. அவற்றைச் சூழ்ந்து வளைந்து நிற்கும் நீண்ட ஊதா நிறத் தாள்கள் தேனீயின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அது மஞ்சளைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போதே இவை அதன் உடலின் மறுபுறத்தில், அதன் கால்கள் எட்டித் துடைக்க இயலாத இடத்தில், மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. அடுத்த பூவைச் சென்று சேர்வது இந்த மகரந்தமே. வீட்டுக் கொல்லையில் நாம் வளர்க்கும் கத்தரியின் பூவும் தக்காளியின் பூவும் இதே ஊசித்துளை முறையைச் சேர்ந்தவை. ஆகவே ஆலயத்தின் மூலையில் செண்டுடுக்கை நாடி வரும் தேனீ, சுற்றுவட்டாரத்து வீடுகளின் கத்தரிக்காய்க்கும் உதவி செய்யக்கூடிய தேனீதான்.

பட்டாம்பூச்சிகளையும் தேன்சிட்டுகளையும் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் அறிந்தவை. வௌவாலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பினாங்கின் பாலிக் புலாவில் காய்க்கும் டுரியானின் பூ மாலையில் விரிந்து, இரவெல்லாம் தேன் சுரந்து, விடிவதற்குள் இதழ்களையும் மகரந்தத்தாள்களையும் உதிர்த்துவிடும். அந்த ஓர் இரவில் அதைத் தேடி வரும் முதன்மையான விருந்தாளி, குகையில் வாழும் தேன் வௌவால். கோலாலம்பூருக்கு அருகே நாம் தைப்பூசத்துக்குச் செல்லும் பத்துமலையின் குகைகளிலும் இந்த வௌவால்கள் வாழ்கின்றன. அங்கிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடற்கரைச் சதுப்புநிலப் பூக்கள் வரை அவை இரவில் பறந்து செல்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆலய மணிக்கூண்டில் தொங்கும் வௌவாலைக் கண்டு முகம் சுளிப்பவர்களிடம் டுரியான் பருவத்தில் இதை எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

மண்ணின் செடி எது?

ஆலய வளாகங்களில் வழக்கமாக நாம் நடுபவற்றை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பல தொலைதூரத்திலிருந்து வந்தவை என்பது தெரியும். காகிதப்பூ தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதில் நாம் வியக்கும் நிறம் இதழின் நிறமன்று, பூவைச் சுற்றியுள்ள இலையின் நிறம். உண்மையான பூ நடுவில் உள்ள சிறிய வெண்ணிறக் குழாய். பினாங்கின் நோர்தாம் சாலையில், இத்தீவில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794-இல் அடக்கம் செய்யப்பட்ட பழைய கல்லறைத் தோட்டம் முழுவதும் நிழல் தரும் கள்ளிமந்தாரையும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இரவில் அவ்வளவு மணம் பரப்பும் அந்தப் பூவில் ஒரு துளித் தேனும் இல்லை. மணத்தை நம்பி வரும் பருந்து விட்டில்கள் நீண்ட நாக்கை நுழைத்துப் பார்த்து ஏமாந்து திரும்புகின்றன. 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியும் இம்மண்ணில் தோன்றியதன்று. இவற்றை வெட்டி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்லறையின் மேல் உதிர்ந்து கிடக்கும் கள்ளிமந்தாரைக்கு வேறொரு பொருள் உண்டு. ஒற்றை அடுக்குச் செம்பருத்தியில் தேன்சிட்டு தேன் குடிப்பதை நாள்தோறும் காண்கிறோம். ஆனால் இவை மட்டுமே உள்ள வளாகம் நம் கண்ணுக்கு நிறைந்ததாகவும் அவ்வுயிர்களுக்கு ஏறக்குறைய வெறுமையாகவும் இருக்கும். அடுக்குப் பூக்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம்: மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறியதால் உண்டாவதுதான் அந்த அடுக்கு. ஆகையால் உள்ளே உண்பதற்கு எஞ்சியிருப்பது குறைவு.

இந்த வட்டாரத்துக்கு உரிய செடி என்றதும், தமிழர்களாகிய நமக்கு அந்நியமானவற்றைச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கடல்முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்று பெயர். அங்கு வளர்ந்திருந்த பெனாகா லாவுட் மரத்தால் வந்த பெயர் அது. அந்த மரம் வேறெதுவுமன்று, நம் சங்கப் பாடல்களில் நெய்தல் நிலமெங்கும் நிழல் பரப்பி நிற்கும் புன்னை. நம் முன்னோர் கப்பலேறி வருவதற்கு முன்பே புன்னை இங்கும் இருந்தது, அங்கும் இருந்தது. வெண்ணிற இதழ்களுக்கு நடுவே பொன்னிறத் தாள்கள் நிறைந்த அதன் பூவில் தேனீக்கள் மொய்ப்பதைக் காணலாம். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதி விளையாடுவோமே, அந்தப் பூவரசும் இரு கரைகளுக்கும் பொதுவான கடற்கரை மரமே. இடமுள்ள வளாகத்தில் முதலில் ஒரு புன்னையை நடுங்கள் என்பேன். மெதுவாகத்தான் வளரும், ஆனால் ஆலய நிலம் அவசரப்பட வேண்டிய நிலமன்று.

நம்மோடு வந்த வெட்சியின் நிலை வேறு. இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் சிவப்பு வெட்சி தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தது. ஆனால் அதே குடும்பத்து உறவுகளான காட்டு வெட்சிகள் மலாயாக் காடுகளிலும் உண்டு. நீண்டு ஒடுங்கிய அதன் பூக்குழாய், நீண்ட நாக்குடைய பட்டாம்பூச்சிக்கென்றே அமைந்தது. கிடைத்தால் உள்ளூர் வெட்சியை நடலாம்; கிடைக்காவிட்டால் இட்லிப்பூவே இருக்கட்டும். ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்து அதைத் தள்ளிவிடக் கூடாது. இங்குள்ள உயிர்களோடு அதற்கு உறவு இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

இலையும் ஒரு விருந்து

மகரந்தத் தோட்டம் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது புழுவை. பட்டாம்பூச்சி பூவில் தேன் குடிக்கலாம். ஆனால் முட்டையிடுவது தன் குஞ்சுப் புழு தின்னக்கூடிய ஒரு சில செடிகளில் மட்டுமே. அச்செடி இல்லாத தோட்டத்துக்கு அது வந்து, குடித்து, போய்விடும். எலுமிச்சைச் செடியிலும் கறிவேப்பிலையிலும் பறவையின் எச்சம் போன்ற சிறு புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு, அல்லது கரிய சிறகில் வெண்புள்ளி வரிசை கொண்ட அதன் உறவினப் பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்தபின் இலைப்பச்சை நிறமாகிவிடும்; தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற ஓர் உறுப்பை நீட்டிப் புளித்த வாடையை வீசும். எருக்கின் இலையைத் தின்று வளர்வது செம்மஞ்சள் நிற எருக்குப் பட்டாம்பூச்சி. எருக்கின் பால் கண்ணில் பட்டால் துன்பம் தரும் என்பதால், மறைக்கல்வி மாணவர்கள் ஓடியாடும் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது.

இங்கே நான் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் எச்சரிக்கை ஒன்று உண்டு. நம் நாட்டு மருத்துவத்தில் அறியப்பட்ட ஈசுவரமூலியின் குடும்பத்துக் கொடி ஒன்று மலாயாக் காடுகளில் வளர்கிறது. கரிய சிறகும் சிவந்த உடலும் கொண்ட ரோஜா அழகியும், பொன்மஞ்சள் பின்சிறகோடு பறவைபோல் மிதந்து வரும் பொன்னழகியும் அந்தக் கொடியைத் தேடி முட்டையிடுகின்றன. ஆனால் நாற்றுப்பண்ணைகளில் அழகுக்காக விற்கப்படுவது பெரும்பாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்கக் கொடி. வாடையால் ஏமாந்து பட்டாம்பூச்சி அதில் முட்டையிட்டுவிடக்கூடும்; பொரிந்த புழுவோ அந்த இலையின் நஞ்சைத் தாங்காது. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் ரிச்மண்ட் பறவைச்சிறகுப் பட்டாம்பூச்சிக்கு இத்தகைய அயல்கொடியால் நேர்ந்த கேடு நன்கு அறியப்பட்டது. உள்ளூர்க் கொடியில் பூக்கள் சிறியனவாகவும் கொத்தாகவும் இருக்கும். பெரிதாக, புள்ளி நிறைந்து, தனித்தனியே தொங்கும் பூ உள்ள கொடி அயல்நாட்டது. சந்தேகமாக இருந்தால் நடாமல் விடுவதே நல்லது.

ஆகவே இத்தகைய தோட்டத்தில் இலைகள் முழுமையாக இருக்க மாட்டா. ஓட்டையும் கிழிசலும் இருப்பதே தோட்டம் வேலை செய்வதன் அடையாளம். பங்கு மக்கள் பார்த்துப் பழகியிராத இதை, தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் ஆகிய மொழிகளில் ஒரு சிறு பலகையில் எழுதி வைத்துவிட்டால், ஞாயிறுதோறும் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.

ஆலய நிலத்தில் எப்படித் தொடங்குவது?

ஆலய நிலத்துக்கு ஒரு சிறப்பு உண்டு: அது அடிக்கடி கை மாறுவதில்லை, இடித்துக் கட்டப்படுவதில்லை. வாரத்தின் பெரும்பாலான நாட்களில் ஆளரவமும் குறைவு. பாஸ்கா திருவிழிப்பில் புதிய மெழுகுதிரியின் முன் பாடப்படும் புகழுரையில் தேனீக்களின் உழைப்பு நினைவுகூரப்படுவதை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், துறவு மடத்துத் தோட்டத்தின் ஒரு பகுதியைக் காட்டுப்பூக்களும் மூலிகைகளும் வளர எப்போதும் தொடாமல் விடும்படி கேட்டுக்கொண்டதை, திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் எடுத்துக்காட்டுகிறார். பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவையிடமும் அனுமதி கேட்கச் செல்லும்போது இவ்விரண்டையும் சொல்லலாம். எங்களுக்கு உதவியது இதுவே.

அனுமதி கேட்கும்போது முழு வளாகத்தையும் கேட்க வேண்டாம். பத்தடிக்கு இருபதடி கொண்ட ஒரு பாத்தி தொடங்குவதற்குப் போதும். ஒரு நாள் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நின்று பார்த்து, குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிழலில் பூவும் குறைவு, தேனீயும் குறைவு. நடைபாதையையும் கதவையும் ஒட்டி அமைக்கக் கூடாது. செண்டுடுக்கை நடுவிலும், உயரமாகச் செந்நிறக் கோபுரம்போல் பூக்கும் பங்கில்-பங்கில் செடியைப் பின்னாலும் வைக்கலாம். பெரிய கரிய பட்டாம்பூச்சிகள் அதைத் தேடி வரும். ஆனால் அது வேரிலிருந்து கன்று விட்டுப் பரவும் என்பதால் ஓரத்தில் தடுப்பு வேண்டும். மெமாலிச் செடியின் பூ பார்வைக்கு எளியது, பச்சை கலந்த வெண்ணிறத் தூள்போல் இருக்கும். ஆனால் தேனீ, குளவி, பட்டாம்பூச்சி எல்லாம் ஒருசேர வருவது அதற்குத்தான். ஓரளவு நிழலையும் தாங்கும். ஈரமான மூலையில், லக்சாவுக்கு நாம் நறுக்கிப் போடும் புங்கா கந்தானை வைக்கலாம்; சில பூக்களைச் சமையலுக்குப் பறிக்காமல் தேன்சிட்டுக்கு விட்டுவையுங்கள். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் புழுக்களுக்காக.

எதை நட்டாலும் ஒரே வகையில் மூன்று நான்கு செடிகளைச் சேர்த்து நட வேண்டும். தேனீ ஒரு முறை கூட்டைவிட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே தொடர்ந்து நாடும். மகரந்தம் தவறான பூவில் வீணாகாமல் இருப்பதும் இந்தப் பழக்கத்தால்தான். செண்டுடுக்கைப் பல நாற்றுப்பண்ணைகள் விற்பதில்லை, களையென்று கருதுவதால். பழுத்த பழத்தைப் பிசைந்து விதையெடுத்து முளைக்க வைக்கலாம். காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருவது தவறு. செடிகளை அடையாளம் காணப் பழகுவதற்கு, தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் ஒரு காலைப்பொழுது நடந்து வந்தாலே போதும்.

பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறட்சி மிகும். செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்தவை. ஆகவே ஆகஸ்டு இறுதியில் பாத்தியைத் தயார் செய்து, மழை பிடித்ததும் நட்டுவிட்டால், வறட்சி வருவதற்குள் வேர் ஊன்றிவிடும். புல்லை அகற்ற மருந்தடிக்க வேண்டாம். பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் புல்லின்மேல் பரப்பி, வளாகத்தில் கூட்டிய சருகை அதன்மேல் குவித்தால் சில வாரங்களில் புல் மடிந்துவிடும். சருகைத் திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். சருகு போர்த்தாத வெறுமண்ணாக ஒரு சிறு இடத்தை விட்டுவைக்க வேண்டும். மண்ணில் துளையிடும் தேனீக்களுக்கு அதுவே வீடு. பட்ட மரத்தடி ஒன்றை மூலையில் சாய்த்து வைத்தால், தச்சுத்தேனீ ஆலயத்தின் உத்திரத்தை நாடாமல் அதை நாடக்கூடும்.

மருந்தைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். மருந்தடி வேலை செய்த தாய்மார்களின் பிள்ளைகள் நாம். அந்த வாடையையும் நகம் கருத்த விரல்களையும் அறிந்தவர்கள். களைக்கொல்லியான பாராகுவாட் இந்நாட்டில் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் பிற மருந்துகளும் பூச்சிக்குப் பூச்சி வேறுபாடு பார்ப்பதில்லை. இலையைத் தின்னும் புழுவுக்கு அடித்தது பூவில் அமர்ந்த தேனீயையும் கொல்லும். மகரந்தத் தோட்டத்தில் எந்த மருந்தும் வேண்டாம் என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து எழுதி வைத்துவிடுவது நல்லது. அசுவினி மிகுந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும்.

அடுத்தது தண்ணீர். வெயில் நேரத்தில் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் தண்ணீர் தேவை. ஆனால் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகினால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலயத்துக்கே அபராதம் விதிக்கப்படலாம். அதைவிடக் கொடியது டெங்கி. ஆகவே கூழாங்கல் நிரப்பிய ஆழமற்ற தட்டில் மட்டும் தண்ணீர் வைத்து, நாள்தோறும் கவிழ்த்துக் கழுவி மாற்ற வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் தட்டே வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் டெங்கி கண்டு புகையடிக்க வந்தால் தடுக்கக் கூடாது. அது உயிர் காக்கும் பணி. கொசு வளரும் இடமே நம் வளாகத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் புகை வராமல் இருப்பதற்கு நாம் செய்யக்கூடிய உதவி.

கொட்டிவிடுமோ என்ற அச்சம் பெற்றோரிடம் இருக்கும். அதை மதிக்க வேண்டும். தனித்து வாழும் தேனீக்கள் பிடித்து நசுக்கினாலன்றிப் பெரும்பாலும் கொட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூவருகே நின்று பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும். ஆனால் கூரை விளிம்பில் பானை போன்ற குளவிக்கூடு தென்பட்டால், அதைத் தாமே கலைக்க முயலாமல் தீயணைப்பு மீட்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ அழைக்க வேண்டும்.

எங்கள் மூலையில் முதல் ஆண்டு நட்ட செண்டுடுக் நாற்றுகளை, புல்வெட்ட வந்தவர் காட்டுச்செடி என்று எண்ணி இயந்திரத்தால் தரையோடு வெட்டிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, எதுவரை வெட்டலாம் என்று நாங்கள் எல்லை காட்டவில்லை. இப்போது பாத்தியைச் சுற்றிச் செங்கல் பதித்திருக்கிறோம். செங்கல்லுக்கு உள்ளே ஒழுங்கற்று வளர்ந்தாலும், விளிம்பு ஒழுங்காக இருந்தால் மக்கள் அதைத் தோட்டமென்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

நட்டபின், திருப்பலி முடிந்து பத்து நிமிடம் ஒரே செடியின் முன் நின்று, எந்த உயிர் எந்தப் பூவுக்கு வருகிறது என்று மறைக்கல்வி மாணவர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் நிறமும் பருமனும் எழுதினால் போதும். சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு வருபவர்களுக்கு இன்னொரு காட்சியும் கிடைக்கும். இருட்டத் தொடங்கியதும், இரவில் கூட்டுக்குள் தங்காத ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் காய்ந்த ஒரு குச்சியைத் தேர்ந்தெடுத்து, வரிசையாக அதைத் தாடையால் கவ்விக்கொண்டு, அப்படியே தொங்கியபடி உறங்கும். மறுநாள் மாலையும் பெரும்பாலும் அதே குச்சிக்குத்தான் வரும். காய்ந்துவிட்டதே என்று அந்தக் குச்சியை யாரும் ஒடித்துவிட வேண்டாம்.